கந்தளாய்: குளமும் ஊரும்

திருகோணமலைக்குத் தென்மேற்கே, கொழும்பு நெடுஞ்சாலையில் அமைந்த கந்தளாய் இன்று ஒரு சிறு நகரம். பயணிகள் பலர் சாலையோரத்தே விரியும் நீர்ப்பரப்பைக் கண்டு வியந்து செல்வர். எனினும், அக்குளத்தின் கரையிலே ஈழ வரலாற்றின் முக்கியமான ஏடுகள் சில எழுதப்பட்டன என்பதை அறிந்தோர் சிலரே.

குளத்தை ஆக்கியவன் யார் என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. சூளவம்சம் அதனை கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் கூறும். கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் மரபுகளோ கோணேசர் ஆலயத் திருப்பணியோடு இணைத்துக் குளக்கோட்டனுக்கு அதனை உரிமையாக்கும். முன்னது அரசனின் நீர்ப்பாசனப் பணியையும், பின்னது கோயிலுக்கும் வயலுக்கும் இருந்த தொடர்பையும் நினைவில் நிறுத்துகின்றன.

கல்வெட்டுக்கள் மேலும் தெளிவு தருவன. முதலாம் விஜயபாகு காலத்துப் பளமோட்டைத் தமிழ்ச் சாசனம், விஜயராஜ சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட கந்தளாயில் இருந்த சிவாலயத்துக்குப் பிராமணப் பெண்ணொருத்தி இறந்த கணவனின் நினைவாக வழங்கிய தானத்தைக் கூறுகின்றது. அத்தானத்தின் காவல் வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கஜபாகு தன் இறுதிக் காலத்தை இங்கேயே கழித்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் (1187–1196) பொறித்த சிங்களச் சாசனமோ, இவ்வூரைச் சதுர்வேத பிரமபுரம் என்றும், ஆங்கு அவன் நிறுவிய அறச்சாலையைப் பார்வதி சத்திரம் என்றும் குறிப்பிடுகின்றது. பௌத்த மன்னனின் அறச்சாலை தேவியின் பெயரைத் தாங்கியமை சிந்தித்தற்குரியது. இவ்வூரின் பழமையை ஓரினத்துக்கு மட்டும் உரியதாக்க முனைவோர், இச்சாசனங்களுள் ஒன்றை மறைத்தே அதனைச் செய்தல் கூடும்.

1986 ஏப்பிரல் 20ஆந் திகதி அதிகாலையில் குளக்கட்டு உடைந்தது. உறக்கத்திலிருந்த மக்களுள் 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் வயல்களும் அழிந்தன. கட்டின் மீது கனரக ஊர்திகள் சென்றமையும் உடைப்புக்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. பின்னர் கட்டுப் புனரமைக்கப்பட்டது.

குளத்தைக் கட்டுதல் ஒரு தலைமுறையின் பணி. அதனைக் காத்தல் எல்லாத் தலைமுறைகளினதும் கடன். வரலாற்றுச் சான்றுகளுக்கும் இது பொருந்தும். கட்டில் விழும் சிறு வெடிப்பையும், சாசனத்தில் மறைக்கப்படும் ஒரு வரியையும் அலட்சியம் செய்தல் தகாது என்பதே கந்தளாய் புகட்டும் பாடம்.