கொடி மாறிய கோட்டை

திண்டுக்கல் மலைக்கோட்டை மைசூருக்கும் மதுரைக்கும் இடையே எல்லைக் காவலாக நின்றது. 1755-இல் ஐதர் அலி இங்கே பௌஜ்தாராக அமர்ந்தார். 1767-இல் கும்பினிப் படை அதைப் பிடித்தது. மறு ஆண்டே மைசூர் மீட்டது. 1783-இல் மீண்டும் கும்பினி, 1784-இல் மங்களூர் உடன்படிக்கையால் மைசூர், 1790-இல் திரும்பவும் கும்பினி. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஐந்து கைமாற்றங்கள்! 1792-இல்தான் சீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிவு கட்டியது.

தளபதிகளின் பெயர்களை ஏடுகள் காத்துள்ளன; அடிவாரத்து உழவனின் பெயரை யார் எழுதினார்? முதல் முற்றுகை ஆண்டில் பிறந்தவன் மீசை முளைக்கும் முன்னரே நான்கு முறை எசமானரை மாற்றியிருப்பான். நேற்றைய சர்க்காருக்கு வரி செலுத்தியவனை இன்றைய சர்க்கார் எக்கண்ணால் பார்த்திருக்கும்? விசுவாசம் என்பது அவனுக்கு எத்துணைக் கடினமான சொல்!

படையோடு வந்தவர்களும் இம்மண்ணில் உறங்குகின்றனர். ஐதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறையால்தான் பேகம்பூர் அப்பெயர் பெற்றது.