நிலுவை

'நில்' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர்ச்சொல் நிலுவை. கொடுத்துத் தீராமல் நின்றுபோன தொகை என்று பொருள். வரி நிலுவை, சம்பள நிலுவை என்கிறோம். முடியாத வழக்கும் நிலுவையில்தான் இருக்கிறது. கிரெடிட் கார்டு நிலுவையோ நின்ற இடத்திலேயே வளரும். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டியே 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 'மினிமம் டியூ' எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அவ்வளவாகக் குறையாது.

'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்பதை நிலுவை மாற்றம் எனலாம். வேறொரு வங்கி பழைய பாக்கியை அடைத்து, குறைந்த வட்டியில் நம்மிடம் தவணையாக வசூலிக்கும். மாத வட்டி 1.5 சதவீதமானால் அதே தொகைக்கு 750 ரூபாய்தான். மாற்றுமுன் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாற்றியபின் பழைய கார்டில் புதுச் செலவு வைக்காதீர்கள்.