மிசோரமின் பிடி அரிசி

இன்றைய மிசோரமான லுஷாய் மலைக்கு 1894-இல் லோரைன், சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் வந்து சேர்ந்தனர். அங்கு வேரூன்றிய கிறித்தவம் காசில்லாத கிறித்தவம். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ஜூம் சாகுபடியின் நெல்லே குடும்பங்களின் சொத்து. காணிக்கை போட நாணயம் இல்லை.

1910-இல் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டுவைப்பது. ஒவ்வொரு வேளையும் இது நடந்தது. சேர்ந்த அரிசியைப் பெண்களே வீடு வீடாகத் திரட்டினர். அதை விற்ற பணம் சபைப் பணிக்குப் போனது. 'பூஃபாய் தாம்' என்ற இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. சபைத் தலைமையில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், சபையின் செலவைத் தாங்கியதில் அவர்களின் அடுப்படிக்குப் பெரும் பங்குண்டு. சபை வரலாற்றில் மிஷனரிகளுக்கு நிகரான இடம் இவர்களுக்கு உரியது.

இப்படிக் கொடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. கிறித்தவத்துக்கு முன்பே, தன்னலம் பாராமல் பிறருக்கு உதவும் 'த்லாம்ஙைனா' என்ற அறம் மிசோ மக்களிடம் இருந்தது. புதிய நம்பிக்கை அதனோடு இணைந்தது. அந்த அறத்தின் வழியில், 1935-இல் உருவான இளைஞர் சங்கத்தினர், ஊரில் யார் இறந்தாலும் கூலியின்றிக் குழி தோண்டி, துக்க வீட்டில் இரவு துணையிருக்கின்றனர்.