எச்.எச்.சி. (ஹெக்ஸாஹைட்ரோகன்னாபினால்): வரலாறும் சட்டநிலையும்

ஹெக்ஸாஹைட்ரோகன்னாபினால் என்பது கஞ்சாச் செடியின் சேர்மங்களை வேதிவினைக்கு உட்படுத்திப் பெறப்படும் ஒரு போதைப்பொருள் ஆகும். இது சுருக்கமாக எச்.எச்.சி. எனப்படுகிறது. மூலப்பொருள் செடியிலிருந்தும் இறுதிப்பொருள் ஆய்வகத்திலிருந்தும் வருவதால் இது பகுதிச் செயற்கைக் கன்னாபினாய்டு என்று வகைப்படுத்தப்படுகிறது. கஞ்சாச் செடியிலும் இது மிகச் சிறிதளவு உண்டு. எனினும் கடைகளுக்கு வந்த சரக்கு செடியிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுக்கப்பட்டதன்று. 1940களில் உருவான இச்சேர்மம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் வேதியியல் இதழ்களுக்குள்ளேயே கிடந்தது. 2021ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் மிட்டாயாகவும் மின்சிகரெட் திரவமாகவும் விற்பனைக்கு வந்தது. இந்தத் திடீர் வருகைக்குக் காரணம் புதிய அறிவியல் கண்டுபிடிப்பு எதுவுமன்று. ஒரு வேளாண் சட்டத்தில் இருந்த வரையறையே.

தோற்றம்

அமெரிக்காவில் 1937இல் மரிஹுவானா வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், கஞ்சாவில் போதை தரும் பொருள் எது என்ற கேள்வி அரசுக்கும் எழுந்தது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ், மினசோட்டாவில் தானே வளர்ந்த கஞ்சாச் செடியின் சாற்றைக் கொண்டு, அரசின் ஒத்துழைப்போடு இதை ஆராய்ந்தார். 1940இல் அவர் கன்னாபிடயால் (சி.பி.டி.) என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். அது போதை தராது. ஆனால் அமிலத்துடன் வினைபுரிய வைத்தபோது அது போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலாக (டி.எச்.சி.) மாறியது. இதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தபோது கிடைத்ததே எச்.எச்.சி.

தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி வனஸ்பதி தயாரிப்பதும் இதே வகை வினைதான். டி.எச்.சி. மூலக்கூறில் 30 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன, எச்.எச்.சி.யில் 32. இரட்டைப் பிணைப்பு ஒன்று நீங்கிவிடுவதால், வனஸ்பதி எண்ணெயைவிட மெதுவாகக் காறிப்போவது போல, எச்.எச்.சி.யும் டி.எச்.சி.யைவிட நீண்ட நாள் கெடாமல் இருக்கும். பிற்காலத்தில் வணிகர்கள் இதை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்தில் இத்தகைய சேர்மங்களின் வீரியம் நாய்களிடம் சோதிக்கப்பட்டது. மருந்து கொடுத்தபின் நாய் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதே அளவுகோல். 1964இல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் டி.எச்.சி.யின் சரியான அமைப்பைக் கண்டறிந்தபின் ஆய்வுலகின் கவனம் அதன்மீது குவிந்தது. எச்.எச்.சி. ஓரங்கட்டப்பட்டது.

2018 வேளாண் சட்டம்

2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான அமெரிக்க வேளாண் சட்டம், நாருக்கும் விதைக்கும் பயன்படும் ஹெம்ப் என்ற கஞ்சா வகையைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விடுவித்தது. உலர் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மிகாத செடியும், அதிலிருந்து பெறப்படும் சேர்மங்களும் ஹெம்ப் எனப்பட்டன. உழவருக்காக எழுதப்பட்ட இந்த வரையறை ஒரே ஒரு மூலக்கூறைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மற்றவை பற்றி அது பேசவில்லை.

சட்டம் வந்ததும் பலரும் ஹெம்ப் பயிரிட்டனர். சி.பி.டி. தேவைக்கு மேல் குவிந்து விலை சரிந்தது. விற்காத சரக்கை ஆடம்ஸ் காட்டிய வழியில் அமிலமிட்டு டெல்டா-8 டி.எச்.சி.யாக மாற்றினால் நல்ல விலை கிடைத்தது. பல மாநிலங்கள் டெல்டா-8ஐத் தடைசெய்யத் தொடங்கியபோது, இன்னொரு படி மேலே சென்று ஹைட்ரஜனைச் சேர்த்து எச்.எச்.சி. ஆக்கினர். பெயரிலேயே டி.எச்.சி. இல்லை என்பது விற்பனையாளருக்கு வசதியாக இருந்தது.

விளைவுகளும் பாதுகாப்பும்

எச்.எச்.சி. மூளையிலுள்ள சி.பி.1 ஏற்பிகளில் டி.எச்.சி.யைப் போலவே இணைகிறது. மிதப்பான உணர்வு, கண் சிவத்தல், வாய் உலர்தல், இதயத் துடிப்பு அதிகரித்தல், பதற்றம் ஆகியவை இதன் விளைவுகள். இதைப் பயன்படுத்தியபின் மனப்பிறழ்வு ஏற்பட்டவர்களைப் பற்றி அயர்லாந்து மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

உண்மையான சிக்கல் தயாரிப்பில் இருக்கிறது. எச்.எச்.சி. ஒரே பொருளன்று, ஒரே ஓரிடத்தில் மட்டும் அணுத்தொகுதியின் திசை மாறிய இரு வடிவங்களின் கலவை. 'ஆர்' வடிவம் வீரியம் மிக்கது. 'எஸ்' வடிவம் மிகவும் பலவீனமானது. எந்த வடிவம் எவ்வளவு உருவாகும் என்பது வினையூக்கியையும் தயாரிப்பு முறையையும் பொறுத்தது. எனவே இரு பொட்டலங்களில் ஒரே மில்லிகிராம் அளவு அச்சிட்டிருந்தாலும் இரண்டின் போதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வினையூக்கியாகப் பயன்படும் பல்லேடியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் எச்சமும் சரியாகத் தூய்மைப்படுத்தாத சரக்கில் தங்கக்கூடும். மருந்தாக இருந்திருந்தால் இவையெல்லாம் விற்பனைக்கு முன்பே அளக்கப்பட்டிருக்கும். எச்.எச்.சி. கடைகளுக்கு வந்தபோது மனிதரிடம் முறையாக நடத்தப்பட்ட சோதனை எதுவும் கையில் இல்லை. நாய்களுக்குப் பின் நேரே வாடிக்கையாளர்தான்.

எச்.எச்.சி.-ஓ எனப்படும் அசிட்டேட் வடிவம் தனிக் கவலைக்குரியது. இவ்வகை அசிட்டேட்டுகளைச் சூடாக்கும்போது நுரையீரலைத் தாக்கும் கீட்டீன் வாயு உருவாகலாம். அமெரிக்காவில் 2019இல் பரவிய மின்சிகரெட் நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தனர். அதில் முதன்மையாகச் சந்தேகிக்கப்பட்டதும் வேறொரு அசிட்டேட்தான்: வைட்டமின் ஈ அசிட்டேட்.

தடைகள்

ஐரோப்பாவில் எச்.எச்.சி. முதலில் 2022 மே மாதம் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான முதல் பகுதிச் செயற்கைக் கன்னாபினாய்டு இதுவே. ஓராண்டுக்குள் ஏறக்குறைய 20 நாடுகளுக்குப் பரவியது. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் 2023 மார்ச்சிலும், பிரான்ஸ் அதே ஆண்டு ஜூனிலும் தடைசெய்தன. செக் குடியரசில் தானியங்கி விற்பனை இயந்திரங்களிலேயே எச்.எச்.சி. மிட்டாய் கிடைத்தது. சிறுவர்கள் அதைத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின்பு, 2024 மார்ச்சில் அங்கும் தடை வந்தது. ஜெர்மனி 2024 ஜூனில் தடைசெய்தது.

தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஜப்பான் காட்டியது. அந்நாடு பிறரை முந்திக்கொண்டு 2022 மார்ச்சிலேயே எச்.எச்.சி.யைத் தடைசெய்தது. உடனே பக்கச் சங்கிலியின் நீளம் மட்டும் மாறிய எச்.எச்.சி.எச். என்ற சேர்மம் கடைகளுக்கு வந்தது. 2023 நவம்பரில் டோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள கோகனேய் நகரில், திருவிழாவில் வழங்கப்பட்ட மிட்டாயைத் தின்றவர்கள் நோயுற்றனர். அடுத்த மாதமே எச்.எச்.சி.எச். தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு பெயராகத் துரத்துவது பயனற்றது என்று கண்டு, 2024 தொடக்கத்தில் ஒத்த அமைப்புடைய சேர்மங்களை மொத்தமாகத் தடைப்பட்டியலில் சேர்த்தது ஜப்பான்.

உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, 2025 மார்ச்சில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் எச்.எச்.சி.யை 1971ஆம் ஆண்டின் உளவியக்க மருந்துகள் ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. இந்தியா, இலங்கை ஆகியவையும் இவ்வொப்பந்தத்தில் இணைந்த நாடுகள் என்பதால், இதைக் கட்டுப்படுத்தும் கடமை அவற்றுக்கும் உண்டு.

எச்.எச்.சி.க்கு வழி திறந்துவிட்ட அமெரிக்காவில் 2025 நவம்பரில் ஹெம்ப் வரையறை மாற்றி எழுதப்பட்டது. இனி டெல்டா-9 மட்டுமன்றி மொத்த டி.எச்.சி.யும் கணக்கில் வரும். செடிக்கு வெளியே தயாரிக்கப்பட்ட கன்னாபினாய்டுகள் ஹெம்ப் ஆகா. இம்மாற்றம் நடைமுறைக்கு வரச் சட்டம் ஓராண்டு அவகாசம் அளித்துள்ளது.