காயத்தில் பொங்கும் நுரை: இரும்பு சொல்லும் வரலாறு



முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கும், மரம் சீவும் கத்தியில் விரலைக் கிழித்துக்கொண்டு வரும் பெரியவருக்கும் ஒரு காலத்தில் தண்ணீர் போன்ற ஒரு மருந்தைக் காயத்தில் ஊற்றுவார்கள். ஊற்றியதும் வெள்ளையாக நுரை பொங்கும். "பயப்படாதே தம்பி, கிருமி சாகுது, அதான் பொங்குது" என்று தேற்றுவார்கள். நம்மில் பலர் கேட்ட வார்த்தைதான். ஆனால் அந்த நுரைக்கு முக்கியக் காரணம் கிருமி சாவதல்ல. நம் உடம்பிலேயே இருக்கும் இரும்பு! இதைக் கண்டறிய விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்த மருந்தின் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீரில் ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் உண்டு. இதிலோ ஆக்சிஜன் அணு இரண்டு. இந்தக் கூடுதல் ஆக்சிஜன் பிரிந்து வெளியேறுவதுதான் நாம் காணும் நுரை. 1818ஆம் ஆண்டில் இதை முதன்முதலில் தயாரித்தவர் பிரான்ஸ் நாட்டு லூயி ஜாக் தெனார். அவர் ஓர் ஏழை விவசாயியின் மகன். பிற்காலத்தில் அவர் பிறந்த கிராமமே தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

தெனார் ஒரு விந்தையைக் கண்டார். வெள்ளித்தூளைப் போட்டாலும் இந்தத் திரவம் பொங்கியது. இரத்தத்திலிருந்து எடுத்த நாரைப் போட்டாலும் பொங்கியது. ஆனால் போட்ட பொருள் குறையவில்லை, மாறவும் இல்லை. தான் கரையாமல் பிறவற்றை மாற்றும் இத்தகைய செயலுக்கு 1835இல் சுவீடன் நாட்டு பெர்சிலியஸ் ஒரு பெயர் சூட்டினார். அதையே நாம் இன்று 'வினையூக்கம்' என்கிறோம். கல்யாணத்தை முடித்து வைக்கும் தரகர், தான் மாலை போட்டுக்கொள்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1863இல் ஷோன்பைன் என்பவர், செடி கொடிகளின் சாறும் விலங்குகளின் தசையும்கூட இதே வேலையைச் செய்வதைக் காட்டினார். 1901இல் ஆஸ்கர் லோ என்பவர், இதைச் செய்யும் நொதி ஒன்று உயிர்களில் எங்கும் பரவியிருக்கிறது என்று கூறி அதற்கு 'கேட்டலேஸ்' என்று பெயரிட்டார். சரி, அந்த நொதிக்குள் இருப்பது என்ன? 1930இல் ஸைலே, ஹெல்ஸ்ட்ரோம் என்ற இருவர் விடை தந்தார்கள். உள்ளே இருந்தது 'ஹீம்'. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் அதே பொருள்! வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருப்பதுபோல, ஹீம் என்னும் வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து வருபவரின் கதையை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். 17 வயதில் வேட்டையில் நடந்த விபத்தில் அந்த இடக்கையையே இழந்தார். வலக்கையால் எழுதவும் விளையாடவும் பழகிக்கொண்டார். ஒற்றைக் கையோடு வேதியியல் வேண்டாம் என்று பேராசிரியர் ஒருவரே புத்தி சொன்னார். சம்னர் கேட்கவில்லை. 1937இல் டவுன்ஸ் என்பவருடன் சேர்ந்து மாட்டு ஈரலிலிருந்து கேட்டலேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதிகளைப் படிகமாக்கலாம் என்று காட்டியதற்காக 1946இல் நோபல் பரிசும் பெற்றார்.

இரும்பு எப்படி வேலை செய்கிறது? முதலில் வரும் பெராக்சைடு மூலக்கூறு ஓர் ஆக்சிஜன் அணுவை இரும்பிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீராகப் போகிறது. இரண்டாவதாக வருவது தன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களையும் அந்த ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. அங்கே தண்ணீர் உண்டாகிறது. கொடுத்தது ஆக்சிஜன் வாயுவாகப் பறக்கிறது. இரும்பு பழையபடியே அடுத்ததற்குத் தயார்! இந்த இடைநிலையை 1947இல் பிரிட்டன் சான்ஸ் என்பவர் கருவி கொண்டு கண்டார். வெறும் இரும்பும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் மிக மெதுவாக. ஹீம் வளையத்துக்குள் அமர்ந்தால் சுமார் ஆயிரம் மடங்கு வேகம். கேட்டலேஸின் புரத மடியில் அமர்ந்தால் அதற்கும் மேல் சுமார் கோடி மடங்கு! ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு விநாடியில் பல இலட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைத்துவிடுகிறது. ஈரலை வேகவைத்துவிட்டால் இரும்பு போகாது, ஆனால் புரதம் கெட்டுவிடும்; பிறகு பொங்காது.

இவ்வளவு வேகம் நமக்கு எதற்கு? சம்னர் பரிசு பெற்ற அதே 1946இல் ஜப்பானில் அதற்கு விடை கிடைத்தது. ஒகயாமா நகரில் டாக்டர் தகஹாரா, வாய்ப்புண் அழுகிப்போன ஒரு சிறுமிக்கு அறுவை செய்தார். காயத்தில் பெராக்சைடு ஊற்றினார். நுரையே வரவில்லை! இரத்தம் கறுத்துப்போனது. தாதி மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று வேறு புட்டி வாங்கி ஊற்றினார். அப்போதும் அப்படியே. "ஏதோ கோளாறு, போகட்டும்" என்று அவர் விட்டுவிடவில்லை. ஆராய்ந்தார். அச்சிறுமியின் உடன்பிறந்தார் சிலருக்கும் அப்படியே இருந்தது. அவர்கள் இரத்தத்தில் பிறவியிலேயே கேட்டலேஸ் இல்லை! வாயில் வாழும் சில கிருமிகள் பெராக்சைடைச் சுரக்கின்றன. தடுக்கக் கேட்டலேஸ் இல்லாததால் அது இரத்தத்தைக் கெடுத்து ஈறை அழுக வைத்தது. 1952இல் இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவ இதழில் தகஹாரா இதை உலகறியச் செய்தார்.

நாம் மூச்சு விட்டு உயிர் வாழும்போதே நம் உடம்பில் பெராக்சைடு சிறிது சிறிதாக உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அப்போதைக்கப்போதே தண்ணீராக்கிக் காப்பவற்றுள் ஒன்று இந்த இரும்புக் காவலாளி.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: இம்மருந்து நல்ல சதையையும் அரிக்கும் என்பதால், காயத்துக்கு அடிக்கடி ஊற்ற வேண்டாம் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுவதே முதல் உதவி.

மாணவர்களே! நுரை பொங்குவதை உலகமே பார்த்தது. பொங்காததை நின்று கவனித்தவர் ஒருவர். விவசாயி மகன் தொடங்கினார். ஒற்றைக் கையர் தொடர்ந்தார். இன்று பரிசு பெறுபவர்களும், அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களும், "அது ஏன் அப்படி?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.