இராமநாதபுரம் மாட்டுவண்டிப் பந்தயம்

இராமநாதபுரம் மாட்டுவண்டிப் பந்தயம் என்பது இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலும் அவற்றை ஒட்டிய வானம் பார்த்த பூமியிலும் கோயில் திருவிழா, பொங்கல் போன்ற நாட்களில் பொதுச்சாலையில் நடத்தப்படும் போட்டி. கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதி, தொண்டி வட்டாரங்களில் இது பரவலாக நடக்கிறது. மாடு வளர்ப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் பெரும்பாலும் விவசாயிகளும் சிறு வியாபாரிகளுமே. தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்கு வந்த தடையின் கதை அலங்காநல்லூரில் தொடங்கவில்லை. இம்மாவட்டத்தில் ஒரு வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போடப்பட்ட வழக்கில்தான் அது தொடங்கியது. ஜல்லிக்கட்டைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பின்னணி

மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே கிடக்கும் இந்நிலம் தட்டையானது. ஆற்றுப் பாசனம் குறைவு. கண்மாயும் மழையுமே விவசாயத்துக்கு ஆதாரம். உப்பு, கருவாடு, கருப்பட்டி, மிளகாய், பருத்தி ஆகியவை நெடுங்காலம் மாட்டுவண்டியில்தான் சந்தைக்குப் போயின. சேதுவுக்கு நீராட வந்த யாத்திரிகர்களில் வசதியுள்ளவர்களும் வண்டியில் வந்தனர். அவர்கள் தங்குவதற்காகச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினர். வண்டிப்பாதை மண்டபத்தோடு முடிந்தது. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டாலும், இராமேசுவரம் தீவுக்குச் சக்கரம் உருட்டிச் செல்லச் சாலைப் பாலம் வர 1988 ஆனது.

லாரியும் டிராக்டரும் வந்தபின் வண்டி மாடு வேலை இழந்தது. பந்தய மாடு மட்டும் தொழுவத்தில் நின்றது. உழவுக்கோ பாரம் இழுக்கவோ அது பயன்படுவதில்லை. பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து, நடைப் பயிற்சியும் நீச்சல் பயிற்சியும் கொடுத்து வளர்க்கிறார்கள். வரவு என்று எதுவும் கிடையாது. பரிசுத் தொகை தீவனச் செலவுக்கே காணாது என்பதை மாட்டுக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே பந்தயம் நின்றுபோனால் இந்த மாட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. பின்னால் வந்த வழக்குகளில் இரு தரப்பு வாதங்களும் இந்த இடத்தைச் சுற்றியே நடந்தன.

பிரிவும் பதிவும்

பந்தயத்தில் சேர முதல் தகுதி மாட்டின் உருவமும் உயரமும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்பவை பொதுவான பிரிவுகள். அவற்றோடு கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்ற பெயர்களும் வழங்குகின்றன. சிறிய உருவமுள்ள மாடுகளின் பிரிவுகளுக்குக் குருவிகளின் பெயரை யார் முதலில் வைத்தார்களோ, இன்று சுவரொட்டிகளில் அவை அலுவல் பெயர்களாகவே நிற்கின்றன. எந்த ஜோடி எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதில்தான் காலையில் பெரும்பாலான தகராறுகள் நடக்கும். நடு மாட்டைச் சின்ன மாட்டோடு ஓட்டிப் பரிசு அடிக்கப் பார்ப்பது பழைய தந்திரம். அதைத் தடுக்க விழாக் குழுவினர் மாட்டை நிறுத்திப் பார்த்தே பதிவு செய்கிறார்கள்.

பதிவுக் கட்டணம் கட்டியதும் உரிமையாளரின் பெயரும் ஊரும் எழுதப்படும். ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவது இந்த இரண்டும்தான். வண்டி ஓட்டுபவரின் பெயர் பின்னால்தான் வரும். சாலை குறுகலானது என்பதால் வண்டிகள் அதிகம் வந்தால் ஒரே பிரிவை இரண்டு மூன்றாகப் பிரித்து ஓட விடுவார்கள். மாநில அளவிலான தகுதிச் சுற்று, புள்ளிப் பட்டியல், சாம்பியன் பட்டம் என்று எதுவும் இங்கு இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மாடு மறுபடி முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும்.

ஓட்டம்

வண்டியில் கூண்டு கிடையாது. இரண்டு சக்கரம், அச்சு, ஏர்க்கால், உட்காரச் சிறு தட்டு, அவ்வளவுதான். ஓட்டுபவரைச் சாரதி என்பர். துணைச் சாரதி ஒருவரும் உடன் செல்வார்; வண்டியின் எடையைக் குறைக்க இறங்கி ஓடுவதும், மாடு விலகினால் திருப்புவதும், தேவைப்படும்போது தாவி ஏறுவதும் அவர் வேலை. ஓட்டத்தின் பாதிச் சிரமம் அவருடையது.

தூரம் இன்னமும் மைலில்தான் சொல்லப்படுகிறது. பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல் என்பது வழக்கமான அளவு. சிறிய மாடுகளுக்கு அதைவிடக் குறைவு. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பி, குறிப்பிட்ட எல்லையில் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். எல்லையில் பாய்ச்சலை அடக்கி மாட்டைத் திருப்பும் சில நொடிகளில் பந்தயம் பெரும்பாலும் முடிவாகிவிடும். வேகமான மாடு எல்லையைத் தாண்டிப் போய்விட்டால், நிதானமான மாடு உள்பக்கமாகத் திரும்பி முந்திவிடும்.

ஆபத்தும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வண்டிகள் ஒன்றோடொன்று உரசும், அச்சு சிக்கும், பின்னால் இருசக்கர வாகனங்களில் கூச்சலிட்டபடி ஒரு கூட்டம் துரத்தும். மாடு மிரள்வதற்குப் பந்தயத்தைவிட இந்தத் துரத்தலே பெரிய காரணம். காவல்துறை விதிக்கும் நிபந்தனைகளில் பின்தொடரும் வாகனங்களுக்குத் தடை இடம்பெறுவது அதனால்தான்.

கடிகாரத்தோடு ஓடும் கொங்கு முறை

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் ரேக்ளாப் பந்தயம் இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அங்கு தூரம் 200 அல்லது 300 மீட்டர் மட்டுமே. பல்லைப் பார்த்து வயதைக் கணித்துக் காளைகளைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓடும். எதிரில் போட்டி வண்டி இல்லை, கடிகாரம் மட்டுமே. குறைந்த வினாடியில் எல்லையைத் தொட்டவருக்குப் பரிசு.

மோட்டார் பந்தய உலகிலும் இதே இரண்டு வகை உண்டு. ஓடுபாதையில் பல கார்கள் சேர்ந்து பாய்வது ஒன்று. திறந்த வெளியில் கூம்புகள் வைத்துப் பாதை அமைத்து, ஒவ்வொருவராக நேரத்தோடு மோதும் ஆட்டோகிராஸ் மற்றொன்று. பின்னது செலவும் விபத்தும் குறைந்தது என்பதால் பொழுதுபோக்காக ஓட்டுபவர்கள் நுழையும் வாசலாக உள்ளது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை இருக்கிறது; தேசியப் போட்டிகளில் கார்ட் ஓட்ட விரும்புபவர் மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். மாட்டுவண்டிக்கு அப்படி ஒரு தலைமை அமைப்பு இல்லை. நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

வழக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் தம் ஊர் விழாவில் வண்டிப் பந்தயம் நடத்தக் காவல்துறை அனுமதி மறுத்ததை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். கேட்டது ஓர் ஊரின் ஒரு நாள் பந்தயத்துக்கான அனுமதி. விசாரித்த நீதிபதி ஆர். பானுமதி கேள்வியை விரித்து, 2006 மார்ச் 29 அன்று வண்டிப் பந்தயத்தோடு ஜல்லிக்கட்டு உள்ளிட்ட காளை விளையாட்டுகளையும் தடை செய்தார். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தமிழ்நாடு அரசு 2009இல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2011இல் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது.

2014 மே 7 அன்று, விலங்குகள் நல வாரியத்துக்கும் ஏ. நாகராஜாவுக்கும் இடையிலான வழக்கில் நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் ஆகியோர் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தனர். குதிரையைப் போல் ஓடுவதற்கான உடலமைப்பு காளைக்கு இல்லை என்பது தீர்ப்பின் முக்கிய வாதம். வாலை முறுக்குதல், தார்க்குச்சியால் குத்துதல் போன்றவற்றை அது சுட்டிக்காட்டியது. இவை கற்பனையல்ல, பந்தயத்தை நேசிப்பவர்களும் அவை நடந்ததை மறுக்க முடியாது.

2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி வழங்கியது. முறையான பாதையில், 2 கிலோமீட்டருக்கு மிகாமல் வண்டிப் பந்தயம் நடக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கொங்கு நாட்டு ரேக்ளா இதற்குள் எளிதாக அடங்கும். போக வர 8 மைல் ஓடும் இராமநாதபுரத்துப் பந்தயமோ ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அது எந்த வகையிலும் அடங்காது. விதியை எழுதியவர்களின் மனதில் இருந்தது ஒரு மைதானம், சாலை அல்ல. அந்த அறிவிக்கையும் ஐந்து நாட்களில், ஜனவரி 12 அன்று, உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது.

2017க்குப் பின்

மெரினாப் போராட்டத்தைத் தொடர்ந்து 2017 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றியது. ஜல்லிக்கட்டு என்பதன் விளக்கத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவை பெயரோடு இடம்பெற்றன. வண்டிப் பந்தயம் இடம்பெறவில்லை. அதே ஆண்டு கர்நாடகமும் மகாராட்டிரமும் கொண்டுவந்த திருத்தங்களில் வண்டிப் பந்தயம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. வழக்கைத் தொடங்கி வைத்த விளையாட்டு, அது முடிந்தபோது சொந்த மாநிலத்தின் திருத்தத்தில் பெயரில்லாமல் போனது ஒரு விசித்திரம். மூன்று மாநிலத் திருத்தங்களையும் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று செல்லும் என அறிவித்தது.

பந்தயங்கள் இப்போது தொடர்ந்து நடக்கின்றன. ஆனால் விழாக் குழுவின் வேலை சாலையில் அல்ல, அலுவலகத்தில் தொடங்குகிறது. காவல் நிலையத்துக்கும் வருவாய்த் துறைக்கும் மனு, கால்நடை மருத்துவரின் சான்று, போக்குவரத்தைத் திருப்பிவிட ஏற்பாடு ஆகியவை முடிந்த பிறகே சுவரொட்டி அச்சுக்குப் போகும். அனுமதி கிடைக்காத ஊர்கள் இன்றும் மதுரைக் கிளைக்கு மனுவோடு செல்கின்றன.