எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய மாதங்கள்

இரைப்பையைச் சுருக்கியோ, சிறுகுடலுக்கு மாற்றுவழி அமைத்தோ செய்யப்படும் உடற்பருமன் அறுவைக்குப் பிந்தைய மாதங்கள், உடலும் பழக்கங்களும் மாறும் காலம். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. முதலில் நீராகாரம், அடுத்து மசித்த உணவு. வழக்கமான திட உணவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

உணவில் புரதமே முதன்மை: பொதுவாக நாளுக்குக் குறைந்தது 60 கிராம். முட்டை, மீன், பாசிப்பருப்பு, தயிர் ஆகியவை கைகொடுக்கும். சின்னசேலம் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசியும் பெரும்பாலும் மாவுச்சத்தே. கல்வராயன்மலைச் சாமைச் சோறு சத்தானதென்றாலும் புரதத்துக்குப் பின்தான். சோற்றோடு தண்ணீர் குடிப்பதை விட்டு, உண்டபின் அரைமணி பொறுப்பது பலருக்குப் பெரும்பாடு. அதைவிடக் கடினம், பந்தியில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்தும் உறவினரைச் சமாளிப்பது.

மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்கு இனிப்பு உண்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். மது விரைவில் தலைக்கேறும். மூன்றாம் மாதவாக்கில் கொட்டத் தொடங்கும் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டும். கருத்தரிப்பை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வர். நீரிழிவு மருந்தின் அளவு சில நாட்களிலேயே குறையக்கூடும். அதை மருத்துவரே மாற்ற வேண்டும்.